புது லைன் வந்த வீடு

பழைய கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் லைன் போட்டால் நெட் பறக்கும் என்று லைன்காரன் சொன்னபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். தாராவியில் எவன் எதைப் பறக்கும் என்று சொன்னாலும் முதலில் அவன் முகத்தைப் பார்க்கிறவள் நான். அன்றைக்குப் பார்க்கவில்லை. எனக்கு நெட் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது.

என் வேலை அப்படி. வீட்டுச் சாமான் விற்கிற ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் மேல் ரூமில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிராத கதையைப் பொறுமையாகக் கேட்பேன். இயல்பில் எனக்குப் பொறுமை கிடையாது. சம்பளம் கொடுக்கிறார்கள், அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

எங்கள் குடும்பத்தில் வேலை பார்க்கிற முதல் பெண் நான்தான். வாப்பா ஒரே நிபந்தனையில் சம்மதித்திருந்தார்: வேலை வீட்டோடு இருக்க வேண்டும். ஆபீஸ் போய்ப் பார்க்கிற வேலை என்றால் அன்றோடு சரி. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. உம்மாவிடம் சொன்னார், உம்மா என்னிடம் சொன்னாள். வாப்பாவும் நானும் நேருக்கு நேர் பேசுவது சாப்பாடு, கரண்ட் பில் இரண்டோடு முடிந்துவிடும்.

பழைய லைனில் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. டீம் லீடர் பெண் ஒருநாள் இனிப்பான குரலில் சொன்னாள்: நெட்டைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் வாஷி ஆபீஸுக்கு வந்து உட்காருங்கள், அதுவும் முடியாவிட்டால் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சயனில் ரயில் ஏறி, குர்லாவில் மாறினால் வாஷி. எனக்கு அது ஒரு தூரமே இல்லை. வாப்பாவுக்கு அது வேறு தேசம். அதனால்தான் புது லைன் போட்டோம்.

முதலில் பறக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு கிடைத்தது. உம்மாவும் நானும் காட்கோபரில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தால் நெட் படுத்துவிட்டது. வேகம் பார்க்கிற ஆப்பில் முள் எழும்ப மறுத்தது. எதிர்முனையில் ஒரு பெரியவர் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, என்னைச் செவிடு என்று திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

முதல் சந்தேகம் லைன்காரன்மேல். ஆசை காட்ட நாலு நாள் வேகத்தைக் கொடுத்துவிட்டுக் குறைத்துவிட்டான் என்று நினைத்தேன். போன் செய்தால், "ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா" என்றான். நாள் முழுக்க ஊராருக்கு நான் பாடுகிற பாட்டு அது. அதை என்னிடமே பாடுகிறான். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது.

அடுத்த சந்தேகம் எதிர்வீட்டு அக்காமேல். அவர்களும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கம். டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஒருநாள் கேட்டதால் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். அவர்கள் வீட்டில் விடிந்தால் அடைந்தால் போனில் சீரியல் ஓடும். பேசாமல் பாஸ்வேர்டை மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் கீழே சந்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏ புள்ள, நெட்டு வரமாட்டேங்கே. ஒனக்கு வருதா?"

"எனக்கும் வரலக்கா" என்றேன், கூசாமல்.

"அய்யோ பாவம், ஒனக்கு வேல கெடுமே" என்றாள். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தனுப்பினாள். இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகத்தோடுதான் தின்றேன். நன்றாக இருந்தது. நெட் மட்டும் அப்படியே கிடந்தது.

வைஃபையே வேண்டாம் என்று, ரவுட்டரிலிருந்து நேராக லேப்டாப்புக்கு வயரைச் செருகிப் பார்த்தேன். அப்போதும் அதே வேகம். அப்படியென்றால் யாரும் திருடவில்லை, வருவதே குறைவாகத்தான் வருகிறது. லைன்காரனை வரச்சொல்லிச் சண்டை போட்டேன். அவன் சந்தில் ஏணி போட்டு, வெளிச்சுவரில் இருக்கிற டப்பாவைத் திறந்து, ஒரு சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"இங்க வரைக்கும் லைன் பராபர், சரியாத்தான் இருக்குக்கா. லோச்சா, கோளாறு எல்லாம் உங்க வீட்டுக்குள்ளதான். உள்ள யாராச்சும் வயர்ல கை வச்சாங்களா?"

உள்ளே வந்து பார் என்று நான் சொல்வதற்குள் அவனுக்குப் போன் வந்தது. இதோ வருகிறேன் என்று போனவன் வரவில்லை.

ஆனால் அவன் கேட்ட கேள்வி என் தலைக்குள் புகுந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று பேர். உம்மா போன் சார்ஜரைத் தொடவே பயப்படுவாள். நானும் தொடவில்லை. நாங்கள் காட்கோபர் போன வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வீட்டில் தனியாக இருந்தவர் வாப்பா.

அதற்குப் பிறகு அவர் பேசுகிறது எல்லாமே எனக்குப் பொடி வைத்ததாகத் தெரிந்தது. சாப்பிடும்போது, "நெட்டு இன்னும் சரியாவலியா?" என்று கேட்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு, விட்டுறலாம்லா" என்றார். தாணேயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் வேலை பார்க்கிறதா என்று அவர்கள் கேட்டதாக உம்மா முன்பே காதில் போட்டிருந்தாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அவர்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். கத்த முடியாத வீட்டில் கோபத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை.

டீம் லீடர் கடைசியாகச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமைக்குள் நெட் சரியாக வேண்டும், இல்லையென்றால் அன்று காலை வாஷிக்கு வர வேண்டும். ஞாயிறு மத்தியானம் நானே வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். வெளியிலிருந்து சுவர் ஓட்டை வழியாக வந்து, இரும்பு பீரோவுக்குப் பின்னால் இறங்கியது. பீரோவை இழுத்தேன்.

மிச்ச வயரை லைன்காரன் பெரிய வளையமாகச் சுற்றி ஓர் ஆணியில் தொங்கவிட்டுப் போயிருந்தான். இப்போது வளையம் இல்லை. அத்தனை வயரும் நெடுக்குவாட்டில் மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பும் தட்டையாகத் தட்டப்பட்டு, சுவரோடு ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் பழுப்புத் தோலில் ஒரு உறை. ஓரத்தில் தையல்கூட இருந்தது.

யார் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். வாப்பாவுக்கு மூன்றாவது சந்தில் பட்டறை, தோல்பை தைக்கிறார். தோலின் ஓரத்தைச் சீவி, பசை தடவி, உள்ளே மடித்து, மடிப்பு அடங்கும்வரை சுத்தியலால் தட்டுவார்கள். மடிப்பு படியாத பையை அவர் கடைக்கு அனுப்பவே மாட்டார். அதையே வயருக்கும் செய்திருக்கிறார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடக்கினால் வேகம் போச்சு என்று லைன்காரன் லைன் போட்ட அன்றே சொல்லியிருந்தான். அப்போது வாப்பாவும் பக்கத்தில்தான் நின்றார்.

அவர் சாப்பிட வந்ததும் மேலே கூப்பிட்டேன்.

"வாப்பா, இது யாரு செஞ்சது?"

"நாந்தான். வயரு தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு, பீரோவுக்குப் பின்னால பெருக்கக் குனிஞ்ச ஒங்க உம்மா கழுத்துல மாட்டுச்சு. அதான் அடக்கி வச்சேன்."

"மடக்கக் கூடாதுன்னு அவன் சொன்னாம்லா?"

"சொன்னான். கயிறு மாதிரி வளையுது, உள்ள கண்ணாடிங்கான். எவன் நம்புவான்?"

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. "என் வேலைய நிப்பாட்டத்தான செஞ்சிய?" என்று கேட்டே விட்டேன்.

"வாய மூடுளா" என்றாள் உம்மா, கீழேயிருந்து.

வாப்பா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தோல் உறையின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"நிப்பாட்டணும்னா வெட்டியிருப்பேன். கத்தி என் கையிலதான கெடக்கு. தச்சா மூடியிருப்பேன்?" தையலிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "வெட்டணும்னு நெனச்சதும் உண்டு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா, வேறெதுவுமா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. இத்தனை வருஷத்தில் தன் மனதில் இருப்பதை உம்மா வழியாக இல்லாமல் அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவரே கத்தியால் தையலைப் பிரித்தார். பசை வைத்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். வயரை வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டினோம். நல்லவேளை, உள்ளே இழை உடையவில்லை; ஆப்பில் முள் ஏறியது.

மறுநாள் காலையில் நான் ஹெட்செட்டோடு உட்காரும்போது அவர் மேலே வந்தார். பட்டறைக்குப் போகிற சட்டை இல்லை, வெளுத்துத் தேய்த்த சட்டை.

"வாஷி ஆபீஸு எத்தன மணிக்கு?"

"நெட்டு சரியாயிட்டே வாப்பா. போவ வேண்டாம்."

"நெட்டு சரியாயிட்டு. இனிமே அது எப்பப் படுத்தாலும் நீ என் கையத்தான பாப்ப. எனக்கு அது முடியாது. கெளம்பு, குர்லா வரைக்கும் நான் வாறேன்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பீரோ சுவரோடு சேராமல் நின்றது. எழுந்ததும் முதல் வேலையாக, வயர் அப்படியே இருக்கிறதா என்று நான்தான் அதை இழுத்துப் பார்த்திருந்தேன்.