ஏணி ஏறிய பாணந்தி

மைசூரில் பிள்ளை பெற்றவளைப் பாணந்தி என்பார்கள். பாணந்தி இருக்கிற வீட்டில் நிர்மலா வைத்ததுதான் சட்டம். காலை ஆறரைக்கு அவள் ஸ்கூட்டி வாசலில் நின்றதுமே மாமியார்கள் வெந்நீர் போடப் பறப்பார்கள், கணவன்மார்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே நழுவிவிடுவார்கள். ஹனூரில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். பதினாறு வருஷமாக இதே வேலை. நல்லெண்ணெயைச் சூடுபண்ணி இடுப்பிலிருந்து குதிகால் வரை இறுக்கித் தேய்த்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீரை முதுகில் வீசி ஊற்றி, சாம்பிராணி போட்டுத் தூங்கவைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் கை பட்ட இடுப்பு அப்புறமும் வலிக்கிறது என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவள் மஹதி விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மஹதி ரயில் எஞ்சினில் உதவி ஓட்டுநர். அப்பா ஜகதீசன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம். முதல் நாளே நிர்மலா எல்லா வீட்டிலும் சொல்வதை இங்கேயும் ஒப்பித்தாள். பச்சைத் தண்ணீர் ஆகாது, காற்றில் உட்காரக் கூடாது, மூன்று மாசத்துக்குப் படி ஏறவே கூடாது. மஹதியின் அம்மா வாலாம்பாளுக்கு இது போதாதா? அன்றைக்கே மஹதியின் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கச் சொல்லிவிட்டாள். மூன்று மாசம் ஐந்தாச்சு, கட்டில் மட்டும் மேலே போகவில்லை. வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த நிர்மலாவும் அதைக் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தடையால் யாருக்கும் நஷ்டம் வந்ததாக அவள் பார்த்ததே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்கட்டுக்குப் போனால், மஹதி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். எதிரே, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணி.

"ரெண்டாவது படியிலயே கால் நடுங்கறது, அக்கா. லீவு முடிய முப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு."

"ஏணில ஏறி நீ என்ன பண்ணப் போறே கண்ணு?"

"எஞ்சின் படியும் இப்படித்தான் நெட்டா நிக்கும். யார்டுல பிளாட்பாரம் கிடையாது. தரைலேர்ந்து கம்பியப் பிடிச்சு உடம்ப மேல இழுக்கணும். லீவு முடிஞ்சு போனதும் ரயில்வே இன்ஸ்பெக்டர் முன்னாடி ஏறிக் காட்டலன்னா ஆபீஸ்ல ஃபைல் பார்க்கப் போட்டுடுவா. அப்பறம் எனக்கு எஞ்சினே இல்லை."

நிர்மலா உட்கார்ந்து அவள் தொடையை அமுக்கிப் பார்த்தாள். இத்தனை நாளும் பூவாக இருக்கிறது என்று பெருமைப்பட்ட கால்தான். பூவாவது ஒன்றாவது, அத்தனையும் கரைந்துபோன தசை. நாளையிலிருந்து இவளை ஏணியில் ஏற்றிப் பழக்க வேண்டும் என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

வாலாம்பாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "பச்சை உடம்புக்காரி ஏணியில ஏறுவாளோ? நன்னாருக்கே நீ சொல்றது!"

"தப்பு என்னோடதுங்க மாமி. மூணு மாசம்னு சொன்னவ, நாலாம் மாசம் வந்து போதும்னு சொல்லோணுமல்ல? வுட்டுட்டேனுங்க."

மஹதி மருத்துவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஏறலாம்னு நாப்பதாம் நாளே சொன்னேனே, யார் தடுத்தது?" என்றது போன்.

மறுநாளிலிருந்து நிர்மலா தினமும் வந்தாள். முதலில் ஏணி, அப்புறம்தான் எண்ணெய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மஹதியின் காலடியில் இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். வாலாம்பாள் முணுமுணுத்தபடியே ஒரு மெத்தையை இழுத்து வந்து கீழே போட்டாள். ஜகதீசன் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றார். முதல் வாரம் மூன்று படி. நடுங்கிய காலை நிர்மலா அன்றன்றைக்கே தேய்த்துத் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தாள். இரண்டாம் வாரம் ஆறு. இருபதாம் நாள் மஹதி நிற்காமல் ஏறினாள். "இன்னும் ஒண்ணுடி, இன்னும் ஒண்ணு" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் வாலாம்பாளேதான். பால் பொங்கி அடுப்பே அணைந்து போயிருந்தது, அந்தம்மாளுக்கு நினைவில்லை. மேலே தொட்டியைக் கட்டிக்கொண்டு மஹதி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அந்த நாளும் வந்தது. காலை எட்டு மணிக்குச் சோதனை. தேறிவிட்டால் இன்ஸ்பெக்டரோடு பத்தரை மணி சாமராஜநகர் வண்டியிலேயே அனுப்பிவிடுவார்கள். எஞ்சினில் போனை அணைத்துவிட வேண்டும், அதனால் தேறினால் போன் வராது. தேறாவிட்டால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போன் செய்வாள், வாலாம்பாள் நிர்மலாவுக்குச் சொல்வாள். அப்படித்தான் பேச்சு.

ஒன்பது மணிக்குப் போன் இல்லை. பத்துக்கும் இல்லை. வேறொரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே நிர்மலா ஈரக் கையால் போனை எத்தனை முறை புரட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை அழுகையில் போன் செய்யவே தோன்றவில்லையோ? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக்குப் போக வேறு வழி இருந்தும், ரயில்வே கேட் வழியாகத்தான் வண்டியை விட்டாள். கேட் மூடியிருந்தது. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள், அவளுக்கு மட்டும் உயிர் வந்தது.

தண்டவாளம் அதிர்ந்தது. எஞ்சின் நெருங்கியது. ஜன்னலில் ஒரு பெண்ணின் தலை! பின்னிக் கட்டிய சடை, நீலச் சட்டை. சந்தேகமே இல்லை, மஹதிதான். கேட்டைக் கடக்கும்போது ஹாரன் ஒலித்தது, ஊரே கேட்கிற மாதிரி நீளமாக. நிர்மலா ஸ்கூட்டியின் மேல் எம்பி நின்று முந்தானையை ஆட்டினாள்.

"எங்க புள்ளைங்க அது. இந்தக் கையால தேச்ச காலுங்க" என்றாள் பக்கத்தில் பைக்கில் இருந்தவரிடம். அவர் ஒன்றும் புரியாமல், சரி என்று தலையாட்டினார். நிர்மலாவுக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த வீடு புதுசு. சுசித்ரா என்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். நிர்மலா செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டாள். "வாம்மா, உன்ன நம்பித்தான் இருக்கோம். எத்தனை மாசத்துக்குப் படி ஏறக் கூடாது? கட்டில கீழ எறக்கிடலாமா?"

நிர்மலா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு அப்பறம் கேக்கறனுங்க" என்று மாமியாருக்குச் சொல்லிவிட்டு, சுசித்ராவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மொதல்ல நீ சொல்லு கண்ணு. இந்தக் கால வெச்சுட்டு நீ என்ன வேலைக்குப் போகோணும்?"