அரைவாசியாரின் கடற்பயணம்

என் மருமகன் ஸ்ரனிஸ்லாஸ் கடலுக்குப் புறப்பட்ட கோடையில் ஜேர்மன் தேசத்தின் பாதிச் சனம் கண்ணீர் விட்டு அழுதது. சரி, பாதித் தேசம் என்பது கொஞ்சம் கூடத்தான். ஒரு மாகாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நம்பக் கஷ்டமாக இருந்தால், முன்ஸ்ரர் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த ஓய்வூதியக்காரர் அத்தனை பேரும் அழுதார்கள் என்று எழுதுகிறேன். அதற்குக் கீழே இறங்கமாட்டேன். என் கண்ணால் கண்டது. என் கண்ணிலும் நீர் ஓடிக்கொண்டிருந்தபடியால் தலை எண்ண முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஸ்ரனிஸ்லாசைச் சொல்ல வேண்டும். மன்னார், பேசாலைக்காரர். என் மகள் மக்டலீனின் புருஷன். கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பேக்கரியில் வேலை. பாணும் இனிப்புப் பணிசும் மணக்க மணக்க வீட்டுக்கு வருவார்; விற்காமல் மிஞ்சிய பணிசுகளைக் கையோடு கொண்டுவந்து, பாவம் வீணாகப் போகக் கூடாது என்று தானே தின்று தீர்ப்பார். நல்ல மனிதர், முறிய உழைக்கிறவர். ஆனால் தொடங்கிய காரியம் எதையும் முடித்த சரித்திரம் அவருக்கு இல்லை.

சுவாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர், இலத்தீன் பாதி படித்ததும் வெளியே வந்துவிட்டார். அவர் முடித்திருந்தால் என் மகளுக்கு வேறு மாப்பிள்ளை தேட வேண்டியிருந்திருக்கும், ஆகையால் அதில் எனக்கு மனக்குறை இல்லை. எண்பத்தைந்தில் கனடாவுக்கென்று புறப்பட்டவர் ஜேர்மனியோடு நின்றுவிட்டார். ஜேர்மன் பாஷை வகுப்பில் பாதிப் புத்தகம். வரவேற்பறைச் சுவருக்குப் பூப்போட்ட கடதாசி ஒட்டத் தொடங்கி ஜன்னல் வரைக்கும் வந்தார்; ஜன்னலுக்கு அங்கால் இன்றைக்கும் வெறும் சுவர். விருந்தாளி வந்தால் பூப் பக்கம் பார்த்தபடி கதிரையைத் திருப்பிப் போடுவது மக்டலீனின் வேலை.

தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் இதையெல்லாம் கூட்டிப் பார்த்து அவருக்கு 'அரைவாசியார்' என்று பட்டம் சூட்டிவிட்டது. சூட்டியவர் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் ஜேசுரட்ணம். ஸ்ரனிஸ்லாசின் உயிர்ச் சிநேகிதர். உயிர்ச் சிநேகிதர் வைத்த பட்டம் என்றபடியால் கழற்ற முடியவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் பேக்கரி முதலாளி தன்னுடைய வோன்மொபிலை ஒரு கிழமைக்கு ஸ்ரனிஸ்லாசிடம் கொடுத்தார். படுக்கை, அடுப்பு, கழுவு தொட்டி, கக்கூசு எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் வாகனம் அது. எங்கள் வீட்டில் அதற்கு 'வண்டில்வீடு' என்று பெயர் வைத்தோம். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: உள்ளே சிகரெட் பிடிக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் யாரும் பிடிப்பதில்லை. நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.

எங்கே போவது என்று ஸ்ரனிஸ்லாஸ் யோசிக்கவே இல்லை. வடகடல். ஏன் கடல் என்று கேட்டதற்கு, கடலுக்கு அங்கால் வாகனம் ஓடாது, ஆகவே முடித்ததென்று ஒருவரும் மறுக்க முடியாது என்றார். குருமடம் போனவரின் தர்க்கம். இந்தச் செய்தி பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற சனத்துக்குள் போனதும் ஜேசுரட்ணம் சும்மா இருப்பாரா?

"ஸ்ரனி, நீ கடலுக்குப் போவியோ, இல்லாட்டிக் கடல்தான் எழும்பி அரைவழிக்கு வரவேணுமோ?"

"போத்தில் நிறையக் கடல் தண்ணி கொண்டு வாறன்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "அடுத்த பூசையில முதல் மிடறு உனக்குத்தான்."

சுற்றி நின்ற சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கண்ணாடிப் போத்திலைக் கழுவிக் காயவைத்து, வண்டில்வீட்டின் முன்கண்ணாடிக்குக் கீழே, செபமாலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அப்போதுதான் மனிதருக்கு இது விளையாட்டு இல்லை என்று எனக்கு விளங்கியது.

அவருக்குத் தெரியாத இன்னொரு காரியமும் அந்தப் பயணத்துக்குள் இருந்தது. எங்கள் மாடிக்கட்டடத்தில் கறித்தூள் வறுக்கத் தடை. முன்பொருநாள் மக்டலீன் செத்தல் மிளகாய் வறுத்தபோது படிக்கட்டு முழுக்கத் தும்மி, மேல்வீட்டு அம்மாவின் கிளி பேச்சை நிறுத்திவிட்டதாம். கிளி பிறகு பேசியது, ஆனால் தடை போட்டது போட்டபடிதான். அன்றிலிருந்து கடைத்தூளில் குழம்பு வைத்து, அதைக் குழம்பென்று சொல்லிச் சாப்பிட்டு வந்தோம். வண்டில்வீட்டுக்குள் அடுப்பைக் கண்டதும் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செத்தல், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் தலையணை உறைகளுக்குள் ஏறிவிட்டன. இதற்கிடையில் அதில் ஒன்றில் தலை வைத்துப் படுத்துப் பார்த்த ஸ்ரனிஸ்லாஸ், ஜேர்மன் தலையணை கரகரக்குது என்றார்.

விடிய வெள்ளாப்போடு புறப்பட்டோம். ஓட்டோபான் என்கிற அதிவேகச் சாலையில் அவர் ஓட்டிய வேகத்துக்கு எங்களை ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். ஓட்டோபானில் சைக்கிள் விடமாட்டார்களே என்று யாரும் கேட்க வேண்டாம், போனார். அதைவிடப் பெரிய தாமதம் எதனால் என்றால், கண்ட கண்ட தரிப்பிடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் எழும்பிப் போய்க் கக்கூசுக் கதவைச் சாத்திக்கொள்வார். வந்து உட்கார்ந்து எலுமிச்சைச் சோடா ஒரு போத்தில் குடிப்பார். அடுத்த தரிப்பிடம் வரும். திரும்பவும் கதவு.

"புதுக் கக்கூசு கண்ட புளுகம்," என்றாள் மக்டலீன். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொந்தக் கக்கூசோடு பயணம் போகிற பெருமை யாருக்குத்தான் இராது? இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைப் பகிடி பண்ணிப் பண்ணியே முன்ஸ்ரர் வரைக்கும் வந்துவிட்டோம்.

அங்கே ஏரிக்கரையில் வண்டில்வீடுகள் நிற்பாட்டும் ஓர் இடம். வாசலுக்கு வாசல் சாடியில் பூ, மேசையில் சீட்டுக்கட்டு, வெள்ளைத் தலைகள். கடல் இனிக் கொஞ்சத் தூரம்தான், நாளைக் காலை ஓடினால் மத்தியானம் போத்தில் நிறையும் என்று சொல்லிவிட்டு ஸ்ரனிஸ்லாஸ் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் தலையணை உறைகள் அவிழ்ந்தன.

வெளியே வைத்து வறுப்பதாகத்தான் திட்டம். மழை பிடித்துக்கொண்டது. சரி, உள்ளேயே வறுப்போம், ஆனால் பாவம் இந்த வயதான சனத்துக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நல்ல மனதோடு ஜன்னல், கதவு, கூரைத் துவாரம் அத்தனையையும் இறுக்கிச் சாத்தினோம். மல்லி வறுபட்டது. சீரகம் வறுபட்டது. கடைசியாகச் செத்தல் தாச்சிக்குள் விழுந்தது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மாறி மாறிக் கிண்டினோம். ஒரு பிடி கருகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தலை துவட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வந்த ஸ்ரனிஸ்லாஸ் கதவைத் திறந்தார்.

உள்ளே அடைபட்டிருந்த கமறல் முழுவதும் ஒரே மூச்சில் அவர் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பிறகு வாசல் வாசலாகப் போனது. முதலில் சீட்டு விளையாடிய நாலு பேரும் தும்மினார்கள், சீட்டுகள் பறந்தன. பிறகு பூவுக்குத் தண்ணீர் விட்ட அம்மா. பிறகு நாய்கள். ஏரியில் நின்ற தாரா வாத்து ஒன்று தும்மியது. இடத்துக்குப் பொறுப்பான மனிதர், காஸ் கசிந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி, தீயணைப்புக்கும் அம்புலன்சுக்கும் போன் அடித்துவிட்டார்.

வந்தவர்கள் தாச்சியைக் கண்டார்கள், முகர்ந்தார்கள், அவர்களும் அழுதார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. கூட வந்த இளம் டொக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, காற்றாட நில்லுங்கள் என்று அனுப்பினார். ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து, கண் சொருகி, சோடாப் போத்திலைக் கையில் பிடித்தபடி. எழும்பச் சொன்னார்கள், ஏலவில்லை. டொக்டர் அவர் விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சின்ன இயந்திரத்துக்குக் கொடுத்தார். அளவுக்கு மேலே என்று சொல்லி அது எண்ணுவதைக் கைவிட்டுவிட்டது.

எவ்வளவு நாளாகத் தாகம், எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறார் என்று டொக்டர் கேட்டார். மக்டலீனின் முகம் வெளுத்துப் போனது. நாங்கள் அதைக் கக்கூசுப் பெருமை என்று நினைத்தோம் என்று அவள் ஜேர்மனில் சொன்னபோது டொக்டர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். சலரோகம், அதாவது சீனி வியாதி. இன்னும் இரண்டு நாள் சோடா குடித்துக்கொண்டு ஓடியிருந்தால் ஸ்ரியரிங்கிலேயே மயங்கியிருப்பார் என்றார். எங்கள் தூள்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

முன்ஸ்ரர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சேலைன் ஏற்றினார்கள். நினைவு தெளிந்ததும் அவர் மக்டலீனிடம் கேட்டது போத்தில் எங்கே என்றுதான். சோடாவைக் கேட்கிறார் என்று அவள் ஏசத் தொடங்கினாள். அவர் கேட்டது செபமாலைக்குப் பக்கத்தில் இருந்த வெறும் போத்திலை.

வண்டில்வீடு ஓட்டக்கூடிய லைசென்ஸ் எங்களில் வேறு ஒருவரிடமும் இல்லை. யாரைக் கூப்பிட்டோம் என்று நினைக்கிறீர்கள்? ஜேசுரட்ணத்தைத்தான். ரயிலேறி வந்தார். வழி நெடுகப் பகிடி யோசித்துக்கொண்டு வந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சிநேகிதரின் கையைப் பிடித்தவர் ஒரு பகிடியும் விடவில்லை. வீட்டுக்கு விடுகிற நாளில், டொக்டர் நேரே வீடு, உடனே உங்கள் வைத்தியர் என்று கட்டளை போட்டுவிட்டு அங்கால் போனதும் ஜேசுரட்ணம் குனிந்து குசுகுசுத்தார்.

"ஸ்ரனி, கடல் ரண்டு மணித்தியால ஓட்டம்தான். நீ பக்கத்தில இரு, நான் ஓடுறன். தண்ணியை அள்ளிக்கொண்டு திரும்புவம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

ஸ்ரனிஸ்லாஸ் ஜன்னலைப் பார்த்தார், போத்திலைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாமடாப்பா. நீ ஓடினால் அது நீ முடிச்சது."

அப்படியே வண்டியைத் திருப்பினோம். தூள் மணம் குடியேறிய அந்த வாகனத்தைக் கார்ல்ஸ்ரூஹே வரைக்கும் தும்மித் தும்மியே ஓட்டி வந்தார் ஜேசுரட்ணம். அடுத்த பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு நடுவிலும் தும்மினார். கடல் தண்ணி எங்கே என்று சனம் கேட்டபோது அவரே எழுந்து, அது என் கணக்கு, இனிக் கேட்கக் கூடாது என்று வாயடைத்தார். முதலாளி ஒவ்வொரு கோடையிலும் ஸ்பெயினுக்குப் போகிற வழியெல்லாம் தும்முகிறாராம். சிகரெட் மணம் துளியும் இல்லை என்று எங்களை மெச்சுகிறார். சலரோகத்தை மட்டும் ஸ்ரனிஸ்லாஸ் அரைவாசியில் விடவில்லை. ஊசி, நடை, பணிசுக்கு முகம் திருப்புவது, ஒன்றும் தவறாது. நாங்கள் வறுத்த தூளோ ஒரு வருடத்துக்கு மேல் குழம்புக்கு வந்தது.

இவ்வளவையும் எழுதிச் சமையலறையில் இருந்து உரத்து வாசித்துக் காட்டினேன். ஆகக் கடைசி வரியாக, 'கடலைக் காணாமல் அரைவழியில் திரும்பினோம்' என்று போட்டிருந்தேன். சீனி போடாத தேத்தண்ணியோடு கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரனிஸ்லாஸ் கோப்பையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"மாமி, மற்றதெல்லாம் எப்பிடியும் எழுதுங்கோ. தாரா தும்மினதெண்டாலும் எழுதுங்கோ. அரைவழி எண்டு மட்டும் எழுதாதேங்கோ. வரைபடத்தில நூல் பிடிச்சு அளந்து பாத்தனான். முக்கால்வாசி."