மாமா பேசாத விசாரணை

அம்மாவின் தம்பி சின்னமாமாவுக்கு அழ வராது என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டின் பெரிய கவலை. கனடாவுக்கு, எங்களிடம் வந்துகொண்டிருந்தவரை அமெரிக்க எல்லையில் பிடித்து, பஃபலோவுக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். குடிவரவு நீதிபதி அவருடைய கதையை நம்பவில்லை. அதற்கு மேலிருந்த அப்பீல் போர்டும் நம்பவில்லை. மிஞ்சியிருந்தது நியூயோர்க்கில் உள்ள பெடரல் அப்பீல் கோர்ட் ஒன்றுதான். அதுவும் கைவிட்டால் கொழும்புக்கு விமானம்.

கனடாவில் அகதிக் கேஸ் சொல்லி வென்றவர் என்பதால் அப்பாதான் எங்கள் வீட்டு நிபுணர். மாமா முகாமிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் பாடம் நடக்கும்.

“ஊரிலை ஆமிக் காம்பிலை அடிச்சதைச் சொல்லேக்கை குரல் தழதழக்கோணும். நீ என்னடா நியூஸ் வாசிக்கிற மாதிரிச் சொல்லுறாய்?”

“எனக்கு வருகுதில்லை அத்தான்.”

“மெல்லமாக் கதையுங்கோ, உந்தப் போனை அங்கத்தைக் காவல்காரங்களும் கேப்பாங்கள்,” என்று அம்மா அப்பாவின் தோளில் அடிப்பார்.

அந்தக் கோர்ட்டில் புதிதாக எதையும் சொல்ல முடியாது, கீழே பதிவானதை மட்டும்தான் பார்ப்பார்கள் என்று மாமாவின் லோயர் சொல்லித்தான் இருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

விசாரணையன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கோர்ட்டின் இணையத்தளத்தில் குரல் மட்டும் நேரடியாக வரும். வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவன் பதினொரு வயதான நான்தான். எங்கள் மோர்னிங்சைட் அபார்ட்மென்டில், சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பை வைத்து, அம்மா அதன்முன் திருநீற்றுத் தட்டையும் வைத்தார்.

மூன்று நீதிபதிகள். எங்கள் லோயர் இரண்டு வசனம் முடிக்கவில்லை, ஒருவர் குறுக்கிட்டார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“எத்தினையாம் பக்கத்திலை இருக்கெண்டு கேக்கிறார்.”

“தம்பி எப்பவாம் கதைக்கிறது?” என்றார் அம்மா.

மாமா கதைக்கவே இல்லை. அடி, தழும்பு பற்றிய பேச்சு எதுவும் வரவில்லை. மாமாவைச் சோதித்த டொக்டரின் ரிப்போர்ட்டைக் கீழே விசாரித்த குடிவரவு நீதிபதி கணக்கில் எடுத்தாரா, எடுக்காதது சட்டப்படி பிழையா, இதையே சுற்றிச்சுற்றிக் கேட்டார்கள். ஒரு பெண் நீதிபதி அரசாங்க வக்கீலிடம் அதையே மறுபடி கேட்டபோது அவர் தாள்களைப் புரட்டும் சத்தம்தான் வந்தது. மொழிபெயர்க்க எதுவுமில்லாத அந்த இடைவெளியில் அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. பிறகு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

“ஆளையே கேக்காமல் உது என்ன கோர்ட்டப்பா?” என்றார் அப்பா, தன்னையே அவமதித்துவிட்டதைப் போல.

கோடை தொடங்கும்போது முடிவு வந்தது. லோயர் போனில் சொல்லச் சொல்ல நான் கத்தினேன்: கீழே செய்தது பிழை, பழைய தீர்ப்பு செல்லாது, கேஸ் திரும்பவும் கீழே போய் முதலிலிருந்து விசாரிக்கப்பட வேண்டும். அம்மா அழுதார். அப்பா ரோல்ஸ் வாங்க ஓடினார்.

பின்னேரம் மாமா முகாமிலிருந்து போன் எடுத்தார். நான்தான் போனைப் பறித்தேன்.

“மாமா, வெண்டிட்டம்!”

“ஓமடா, லோயர் சொன்னவ.” பிறகு, “அப்ப, திரும்பவும் முதல்லையிருந்து சொல்லோணுமாடா?” என்றார்.

“ஓம் மாமா, எல்லாத்தையும் சொல்லலாம்! இந்தமுறை வடிவாச் சொல்லுங்கோ.”

சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து, ஹலோ ஹலோ என்றேன். அங்கே பின்னால் யாரோ இருமினார்கள். லைன் அப்படியேதான் இருந்தது. இவ்வளவு நல்ல செய்திக்கு இந்த மனுஷன் சந்தோஷப்படவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரோல்ஸ் சாப்பிடப் போனேன்.