ஏழுமலை அண்ணனின் கண்ணில் கோளாறு இல்லை

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, திண்டிவனத்தில், வீட்டிலேயே... மாரடைப்பாம்.

நாலு மணிக்கு எடுக்கிறார்கள். விழுப்புரத்தில் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், ஆனால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்று இருபது நிமிஷம் ஆகிறது. உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்க்கிறேன்.

கண்டக்டரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. "இன்னாம்மா பேஜாரு, நானா நிறுத்தி வச்சிக்கினு கீறேன்?" என்கிறார். சரிதான், அவர் என்ன செய்வார்.

பழைய பட்டறை வாட்ஸப் குரூப்பில் காலையிலிருந்து ஒரே ஆர்ஐபி. மாலை போட்டுப் படுக்க வைத்திருக்கிற போட்டோ. முகத்தில் அந்தத் தடிக் கண்ணாடி அப்படியே இருக்கிறது.

கீழே ஒருவர், "நல்ல கை... பாவம், கண்ணுதான் சீக்கிரமே போயிடுச்சு" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பதினாறு கும்பிடு. அதைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு இந்தப் படபடப்பு. போய்ச் சேர்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்கு... குயிலாப்பாளையத்தில் ஒரு மரப் பட்டறையில் அவரும் நானும் வேலை பார்த்தோம். அவர் செதுக்குவார், நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் அடிப்பேன்.

ஒரு ஆர்டர் வந்தது. ஆறடி நீளத்தில் நீராவி ரயில் இன்ஜின். முழுக்க மரம். தள்ளினால் ஓட வேண்டும்.

அண்ணனுக்குப் பித்தே பிடித்துவிட்டது. சென்னையில் பார்வைக்கு நிறுத்தி வைத்திருந்த ஒரு பழைய இன்ஜினுக்கு அடியில் டேப்போடு புகுந்துவிட்டார். வாட்ச்மேன் காலைப் பிடித்து இழுத்து, "யோவ், அடியில இன்னாய்யா பண்ற?" என்று கத்த, இவர் உள்ளேயிருந்தே, "இரு சார், இன்னும் ஒரு சக்கரம்தான் பாக்கி" என்றாராம். அதை எங்களுக்கு நடித்தே காட்டுவார்.

பூவரசங் கட்டையில் ஆறு சக்கரம். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆரக்கால், எல்லாம் கை உளியில். சட்டைப் பையில் அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. நான் தேய்த்துக் கொடுத்ததைச் சுண்டுவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, "இன்னும் கரகரன்னு கீதும்மா" என்று திருப்பித் தருவார். கோபம் கோபமாக வரும் எனக்கு. விரல் தோல் உரிந்தது எனக்குத்தானே!

ஒரு சனிக்கிழமை இன்ஜின் முடிந்தது. அன்று பௌர்ணமி. "பார்ட்டி திங்கக்கிழமை வர்றாங்க. கழட்டாம அப்படியே பாலிஷ் அடிச்சி வச்சிடு, நான் திருவக்கரை போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

சக்கரத்துக்குப் பின்னால் பிரஷ் போகவில்லை. வலது பக்கத்து மூன்றையும் கழற்றினேன்... அப்போதுதான் கவனித்தேன். சக்கரங்களைச் சேர்க்கிற மரத் தண்டை மாட்ட ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு முளை இருக்கும். இடது பக்கம் அது மேலே இருந்தது, வலது பக்கம் முன்னால் இருந்தது.

கோயிலுக்குப் போகிற அவசரத்தில் அண்ணன் தப்பாக மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். மூன்றையும் கால் வட்டம் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்து, அதே ஆப்பைத் தட்டி இறுக்கினேன். அண்ணன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு பெருமை வேறு.

திங்கட்கிழமை வந்தவர் தள்ளினார். ஒரு முழம் ஓடியது. டக்... தண்டு உடைந்து தொங்கியது.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் கால் வட்டம் வித்தியாசத்துல இருக்கணும்ங்க. ஒரே மாதிரி வச்சா ரெண்டும் ஒரே நேரத்துல முட்டி நின்னுடும். இது கூடத் தெரியாமலா செஞ்சீங்க?" என்றார்.

அண்ணனுக்குத் தெரியும். அப்படித்தானே வைத்திருந்தார்.

தரையில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானா இப்படி மாட்டுனேன்? கண்ணு எங்க போச்சி எனக்கு?" முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். உப்புத்தாளைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே கண்ணாடி வந்துவிட்டது. போட்டால் தலைவலி என்பார், கழற்றினால் பயம் என்பார். இன்ஜினைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வேலையை விட்டார். அப்புறம் திண்டிவனத்தில் கதவு, நிலை, கட்டில்... நுணுக்க வேலை என்று யார் போய் நின்றாலும், "கண்ணு சரியில்லப்பா" என்று அனுப்பிவிடுவாராம்.

போன வருஷம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "இன்னாம்மா செல்வி, நல்லா கீறியா?" அதே சிரிப்பு. பையிலிருந்து ஒரு கை மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று, "அண்ணே, அந்த இன்ஜினு..." என்று ஆரம்பித்தேன். "அத்த வுடும்மா. உன் பஸ்ஸு கெளம்புது, ஜல்தியா ஏறு" என்றார். ஏறிவிட்டேன். பின்னாலேயே அடுத்த பஸ் நின்றது. பார்த்துக்கொண்டே ஏறினேன். பாவி.

வண்டி நகர்ந்துவிட்டது... பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாம்மா அழுவுற, யாருக்கு இன்னா?" என்கிறார். எங்க அண்ணன் என்றேன்.

குரூப்பில் இருக்கிறவர்கள் படியுங்கள், கும்பிடு போட்ட பதினாறு பேரும் படியுங்கள். சக்கரத்தைத் திருப்பியது நான்.

அண்ணே, உங்க கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு.

திண்டிவனம் வரப்போகிறது. மணி மூன்றே கால். எடுப்பதற்குள் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.