அக்காவின் கார்டில் என் ரிப்போர்ட்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்தில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. தண்ணீர் லாரிக்காரரிலிருந்து வீட்டுக்காரம்மா வரைக்கும் எல்லாரும் என்னிடம் ஒரு சுற்று திட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள், ஒரே ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. பதினோரு வருஷமாகப் பார்த்த வேலை. முழங்கால் வலி வந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் அவள் போவாள், மூன்று நாள் நான் போவேன். வாசலில் காட்டுகிற கம்பெனி கார்டு ஒன்றுதான், அவள் பெயரில். போட்டோ தேய்ந்து முகமே தெரியாது. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், மேலே நீலக் கோட்டு. யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியும். தரை பளபளவென்று இருந்தால் போதும் என்று கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். இப்படி ஆள் மாற்றிப் போவதற்கு எங்கள் பக்கத்தில் பத்லி என்று பெயர். எங்களுக்கு அது ஒரு தப்பாகவே தோன்றியதில்லை.

ஒரு நாள் கம்பெனி வாசலில் பெரிய பஸ் ஒன்று வந்து நின்றது. உள்ளே மேமோகிராம் மிஷின். ஹவுஸ்கீப்பிங்கில் நாற்பது தாண்டிய பெண்களுக்கெல்லாம் இலவச மார்பகப் பரிசோதனை கேம்ப் என்றார்கள். பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. அன்றைக்குப் பார்த்து என் முறை. எனக்கு வயது முப்பத்தாறு. நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"போய்ட்டு வந்துடும்மா. லிஸ்ட்ல டிக் விழலேன்னா மேல கேப்பாங்க. எனக்குப் பேஜாராயிடும்."

நர்ஸ் கன்னடத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பெயர் கேட்டாள், அக்காவின் பெயரைச் சொன்னேன். வயது நாற்பத்துநாலு. பிள்ளைகள் மூன்று. எனக்கு இருப்பதோ ஒரே மகள். அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ மார்பில் கேன்சர் இருந்ததா என்று கேட்டாள். அக்காவின் அம்மா கோலார் தங்கவயலில் கல்லு மாதிரி இருக்கிறாள். "இல்ல" என்றேன்.

என் அம்மா அதில்தான் போனாள். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கட்டியை ரவிக்கைக்குள் மறைத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசிப் பூசி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். இதெல்லாம் அந்த பஸ்ஸுக்குள் நிற்கும்போது என் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கேட்டது கார்டுக்காரியை, பதிலும் கார்டுக்காரியுடையது என்றுதான் நினைத்தேன். மிஷின் தட்டுகள் இரண்டும் சேர்ந்து மார்பை அமுக்கியபோது உயிர் போகிற வலி. மிஷினை நன்றாகத் திட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள்.

"ஆஸ்பத்திரிலருந்து எனுக்கு ஃபோன் வந்துச்சுடி. இடது பக்கம் இன்னாமோ தெரியுதாம். ஸ்கேன் எடுக்க வரணுமாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் பார்வை என் மார்புக்கு வந்துவிட்டது. அடுப்பில் சோறு அடிபிடித்தது.

ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போனோம். அக்கா வராந்தாவில் உட்கார்ந்தாள். அவள் பெயரில் நான் உள்ளே போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண், தமிழ் பேசினார். ஸ்கேன் கருவியை வைத்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினார்.

"சின்னதா ஒரு கட்டி இருக்கு. பாக்க சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா பாத்தா மட்டும் உறுதியா சொல்ல முடியாது," என்றார். "ரெண்டு வழி இருக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்து, வளந்திருக்கான்னு பாக்கலாம். இல்லைன்னா இப்பவே ஊசி வெச்சு துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ இருந்திருந்தா நான் காத்திருக்கவே மாட்டேன். உங்க பேப்பர்ல யாருக்கும் இல்லைன்னு இருக்கு. இல்லதானே?"

பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அம்மா செத்துப்போனாள் என்று சொன்னால் பேப்பரில் இருப்பது யார் என்று கேட்பார். அந்தக் கேள்வி கம்பெனி வரைக்கும் போகும், அக்காவின் பதினோரு வருஷம் போய்விடும். ஊசி வைத்துக் கட்டியைக் கிளறினால் உடம்பெல்லாம் பரவும் என்று எங்கள் சந்தில் சொல்வது வேறு காதில் கேட்டது.

"இல்ல மேடம்."

வெளியே வந்தேன். "ஒண்ணுமில்லியாம். ஆறு மாசம் கழிச்சு வந்தா போதுமாம்," என்றேன். அக்கா "மாரியாத்தா!" என்று பெருமூச்சு விட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாசலில் டீ வாங்கினோம். பாதி குடித்தபோதுதான் கேட்டாள்.

"வேற இன்னா கேட்டாங்க?"

"வீட்ல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லன்னேன்."

"யாரு வீட்ல?"

"உங்க வீட்லதான். உங்க பேரு தானேக்கா எழுதியிருக்கு."

டீ கிளாஸை நடைபாதையில் வைத்தாள். "அடிப்பாவி! உங்கம்மா எப்படிப் போனாங்கன்னு ஊருக்கே தெரியுமே. அத மறைச்சிட்டா வந்த?"

"கத்தாதீங்க. சொன்னா உங்க வேலை போயிடும்."

"கார்டு என்னுது. மாரு உன்னுதுடி!"

நடுரோட்டில் அவள் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பயமா இருக்குக்கா. எங்கம்மா மாதிரி ஆயிடுவனோன்னு பயமா இருக்கு. ஆறு மாசம் நிம்மதியா இருந்துட்டுப் போறேன், வுடுங்க."

அவள் விடவில்லை. லிஃப்டில் கூட்டம். அந்த முழங்காலோடு இரண்டு மாடி ஏறி, என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள்.

"மேடம், அந்தப் பேப்பர்ல இருக்கிறது நான். நீங்க பாத்த ஒடம்பு இவளுது. இவ அம்மா இதுலதான் செத்தாங்க."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன விளையாட்டா இது?" என்று சீறினார். பிறகு குரலை இறக்கி என்னிடம் கேட்டார். "அம்மாவுக்கு எந்த வயசுல வந்துச்சு?"

"நாப்பதுகூட ஆவல."

புதிதாக ஒரு தாளை எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். ஆள் மாறியதை கேம்ப் நடத்தியவர்களுக்குத் தெரிவிக்காமல் இருக்க முடியாது என்றார். ஊசியால் பரவாது, அந்தப் பயம் வேண்டாம் என்றார். மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு ஊசியை வைத்தார். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று சத்தம் கேட்டது. சத்தம்தான் பெரிசு, வலி அவ்வளவு இல்லை.

மறுநாள் காலையில் அக்கா தானே கம்பெனிக்குப் போய்க் கார்டைத் திருப்பிக் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு வந்தாள். "இதுல எம்பேரு வராமப் பாத்துக்கோங்க" என்றாராம் சூப்பர்வைசர்.

முடிவு வரும்வரை ஒரு வாரம் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். மகளை ஒன்றுமில்லாததற்கு அடித்தேன். பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். முடிவு வந்தது. கேன்சர்.

ஆறு மாசம் விட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா. இப்போ சின்னதா இருக்கு, சீக்கிரம் எடுத்துடலாம். அதுதான் எனக்குத் தெரியும்," என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா கட்டிலில் என் பின்னால் உட்கார்ந்து பின்னினாள். ஒரு பக்கம் முடித்தாள். மறுபக்கம் எடுத்தபோது அவள் கை நின்றுவிட்டது.

"ஆறு மாசம்னு நீ வந்து சொன்னப்போ எனுக்கு சந்தோஷமா இருந்துச்சுடி," என்றாள். "உனுக்கு ஒண்ணுமில்லைன்னு மொதல்ல தோணல. கார்டு தப்பிச்சுதேன்னுதான் தோணுச்சு."

கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைத் தொட்டேன்.

"பின்னுங்கக்கா. கூப்பிடப் போறாங்க."