அழித்த பெயரோடு போன மாடு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். விளாங்குடியில் வீட்டிலிருந்தபடி சின்னச் சின்ன இடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்ற பயம் எப்போதும் உண்டு.

தல்லாகுளத்தில் ஒரு கால்நடை மருத்துவர் நான் எழுதிய ஒன்றை வைத்திருக்கிறார்; யாருடைய மாடு, என்ன ஊசி என்று பதிந்துகொண்டு உரியவருக்கு மெசேஜும் அனுப்பும். ஒரு நாள் அவரிடம் என் நம்பரை வாங்கி, அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய அப்பா இறந்து ஐந்து நாள்.

"அண்ணே, அப்பா பேரை எடுத்துருங்க. ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்கணும்னு அவர் பேரைப் போட்டு மெசேஜ் வருது. அம்மா போனை வச்சுக்கிட்டு அழுகுது."

எடுத்துவிட்டேன். ஒரு சொடுக்குதான்.

மறுநாள் காலை மருத்துவர் கூப்பிட்டார். "தம்பி, அலங்காநல்லூர்ப் பக்கம் ஒருத்தர் இறந்துட்டாருல்ல, அவர் மகன் மாட்டோட வந்து நிக்கிறாரு. வெறிநாய் கடிச்ச மாடு. எத்தன ஊசி போட்டுருக்கோம்னு பாத்தா மாட்டையே காணோம்."

உடனே கணினியைத் திறந்தேன். தேடினேன். மாடு, ஆடு, ஊசி எதுவுமே இல்லை. ஆளோடு மாட்டையும் மாட்டோடு ஊசியையும் கோத்து வைப்பது ஓஆர்எம் என்கிற கருவி. ஆளை அழித்தால் மற்றதை என்ன செய்ய என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். 'கேஸ்கேட்' என்று எழுதியிருந்தேன். கூடவே எல்லாம் போகட்டும் என்று அர்த்தம். யாரோ எழுதியதைப் பார்த்துப் போட்ட வரி. பேக்கப் என்று எடுத்து வைக்கும் நகலும் அன்று அதிகாலையில் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிட்டது; அதிலும் அவர்கள் இல்லை.

"இனி நோட்டுல எழுதுறது எதுக்கு டாக்டர்னு கேட்டது நீதானப்பா" என்றார் மருத்துவர். "நாள் தப்புச்சுன்னா மாட்டுக்கு மட்டுமா? தீவனம் வைக்கிறவுகளுக்கும் ஆபத்து."

மாட்டை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்தவர் அப்பாதான். இன்னும் ஊசி பாக்கி என்பதைத் தவிர மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் தோன்றியது: ஊசி போட்டதும் எத்தனையாவது ஊசி என்று தேதியோடு அவர் போனுக்கு ஒரு மெசேஜ் போகும்.

"அப்பா போன் எங்கண்ணே?" என்று மகனிடம் கேட்டேன்.

"அம்மாகிட்டதான். அழிச்சிருச்சோ என்னமோ."

அழிக்கவில்லை. அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பதை மூவரும் போனில் கேட்டோம். ஒவ்வொரு மெசேஜையும் கணவர் பெயரிலிருந்தே தொடங்கினார். அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். பெயரை விட்டுவிட்டு வாசியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூணோட நிக்குது. அது போட்டு இன்னையோட ஏழு நாள்" என்றார் மகன்.

"அப்ப நாலாவது இன்னைக்குத்தான்" என்றார் மருத்துவர்.

ஊசி போட்டார்கள். நான் அந்த வரியை மாற்றினேன்; மாடு இருக்கும்வரை இனி ஆளை அழிக்க விடாது. இறந்தவர் பெயரையும் மாட்டையும் ஊசிகளையும் மறுபடி ஏற்றி, 'மெசேஜ் வேண்டாம்' என்பதில் டிக் போட்டேன். அந்த டிக் இருக்கிறதா என்று தினமும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன்.