ஏழு சீட்டும் ஒரு ஜோடிக் காதும்

காது மெஷின் விற்கிறவருக்குக் கடைத்தெருவில் ‘காதுக்காரர்’ என்று பெயர். மருந்துக் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில் அவர் கடை. உள்ளே, ஓர் ஆள் உட்காரும் அளவில் சத்தம் புகாத கண்ணாடி அறை ஒன்று உண்டு. வருகிறவரை அதில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, “கேட்டா கையைத் தூக்குங்க” என்பார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. எதிரில் இருப்பவன் அடுத்த மலையில் நிற்கிறான் என்ற நினைப்பில் பேசுவார்கள். நாள் முழுக்க அதை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புபவருக்கு, உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யாரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது.

மனைவிக்கு நூலகத்தில் வேலை. அவளும் வீட்டில் அதிகம் பேசமாட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே காபி குடித்து முடித்துவிடுவார்கள். மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் அதிகமாகப் பேசியது குளிர்சாதனப் பெட்டிதான்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான். மனைவியின் அக்கா.

நல்ல மனுஷி. தங்கமான மனசு. ஆனால் அந்தத் தங்கத்தை நான்கு தெருவுக்குக் கேட்கும்படி தட்டிக்கொண்டே இருப்பாள். அவள் கணவர், அதாவது நம்மவருடைய சகலை, பாடுவார். ஒருமுறை வேன் பிடித்து எல்லாரும் மலைக்குப் போனார்கள். ஏறியதில் தொடங்கிய பாட்டை இறங்கும்வரை சகலை நிறுத்தவில்லை. அக்கா ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியில் ஆளுக்கொரு படம் பார்த்தார்கள். காதுக்காரர் வீடு வந்து சேர்ந்ததும் நேராகக் கடைக்குப் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவருடைய பழைய கார் ஒருநாள் சிக்னலில் இருமி இருமி நின்றுபோனது. புதிதாக வாங்கிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவெடுத்தார்கள். அந்தச் செய்தி அக்காவின் காதுக்குப் போனது.

“ஏழு சீட் எஸ்யூவியா வாங்குங்க தம்பி” என்றாள். “இனிமே வேன் எதுக்கு? எல்லாரும் ஒரே வண்டியில போயிரலாம். மாசாமாசம் போலாம்.”

“மாசாமாசமா?” என்றார் காதுக்காரர்.

“பின்னே, வண்டி வாங்கி பூட்டியா வைப்பாங்க?”

அவர் வாயில் வந்தது அந்த நேரத்தில் ஆண்டவன் கொடுத்த வாக்கு என்றுதான் சொல்ல வேண்டும். “வாங்கலாம் அண்ணி. ஆனா அதே வண்டியில பிளக்-இன் ஹைபிரிட் வரப்போகுதாம். வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம். பக்கத்துல போய் வர்றதெல்லாம் கரண்ட்டுலயே போயிரும், தூரம் போனா பெட்ரோல். கொஞ்சம் பொறுத்து அதையே வாங்கிருவோம்.”

பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே அந்த வண்டிமேல் ஆசை. கரண்ட்டில் போகும்போது சத்தமே வராது என்று படித்ததிலிருந்து காதல் என்றே சொல்லலாம். ஆனால் காத்திருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது என்பது போகப்போகத்தான் அவருக்குப் புரிந்தது. வண்டி வராதவரை மலை இல்லை.

சனிக்கிழமைதோறும் ஷோரூமுக்குப் போவார். அங்கே நிற்கும் பெட்ரோல் வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். விற்பனைப் பெண் முதலில் பயந்துதான் போனாள். பிறகு பழகிவிட்டது.

“சார், இதே வண்டி பெட்ரோல்ல ரெடியா நிக்குது. இன்னிக்கே எடுத்துட்டுப் போலாம்.”

“இல்லம்மா. பிளக்-இன் வரட்டும்.”

“அது தள்ளிப்போயிருச்சு சார். பேட்டரி வரலையாம்.”

“அடடா” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் நடையில் ஒரு துள்ளல் வந்து சேரும்.

பேட்டரி வந்தது, கப்பல் வரவில்லை. கப்பல் வந்தது, அரசாங்கத்தின் அனுமதி வரவில்லை. ஒவ்வொன்றும் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். அக்கா தொலைபேசியில் பிடித்தால் மனைவி பதில் சொல்லுவாள்: “நான் என்னக்கா பண்ணட்டும். இவருக்கு அந்த வண்டிதான் வேணுமாம். சொன்னா கேக்கற ஆளா?” பக்கத்து அறையில் அதைக் கேட்கும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் உறுத்தும். பாவம், அக்கா தங்கச்சி கூடிப் போகிற ஆசையில் மண்ணை அள்ளிப் போடுகிறோமே என்று, அன்றைக்கு மட்டும் பாத்திரத்தை அவரே கழுவி வைப்பார்.

எந்த வண்டியும் ஒருநாள் வந்துதானே ஆக வேண்டும்.

“சார், வந்துருச்சு” என்றாள் விற்பனைப் பெண், தன் வீட்டுக் கல்யாணச் செய்தி சொல்கிற குரலில். “முதல் போன் உங்களுக்குத்தான் பண்றேன்.”

காதுக்காரர் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் முகமும் அப்படியொன்றும் மலரவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

ஷோரூமில் வண்டி கறுப்பாக, பளபளவென்று நின்றது. சுற்றிவந்து பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், சார்ஜ் போடும் மூடி. ஆசை ஒரு பக்கம் இழுத்தது, சகலையின் குரல் இன்னொரு பக்கம் இழுத்தது. விற்பனைப் பெண் பின்கதவைத் தூக்கினாள். உள்ளே வெறும் தரை, விரிப்புப் போட்டு விசாலமாகக் கிடந்தது.

“கடைசி சீட் ரெண்டும் எங்கம்மா?”

அவள் கையைப் பிசைந்தாள். “அதுதான் சார் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பேட்டரி அந்த இடத்துல உக்காந்துருச்சு. இந்த மாடல்ல அஞ்சு சீட்தான். இவ்வளவு காலம் காத்திருந்தீங்க. கோவப்படாதீங்க சார்.”

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. நூலகத்தில் வேலை பார்க்கிறவள், சிரிப்பை அடக்கி அடக்கிப் பழகியவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காதுக்காரர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீயுமா?”

“பின்னே? எங்க அக்காவை உங்களைவிட எனக்குத்தானே அதிக வருஷமாத் தெரியும்.”

“போன்ல என்னைப் போட்டு அந்தத் திட்டு திட்டினியே.”

“யார் தலையிலயாவது போட்டாகணும்ல. உங்க தலை பக்கத்துல இருந்துச்சு.”

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். விற்பனைப் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இரண்டு சீட் குறைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய் இருவரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் உட்கார்ந்தார்கள். “அஞ்சு சீட்தான்க்கா. நாங்க எதிர்பார்க்கவே இல்ல” என்றாள் தங்கை. குரல்கூட லேசாகத் தழுதழுத்தது. காதுக்காரர் அவள் திறமையை உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

சகலை எழுந்துவந்து அவர் தோளைத் தட்டினார். “இதுக்குப் போயி கலங்குவாங்களா சகலை? நீங்க வேண்டாம்னு விட்ட அந்தப் பெட்ரோல் வண்டிக்கு நான் போன வாரமே சொல்லி வச்சுட்டேன். ஏழு சீட். உங்க கஷ்டத்தைப் பார்த்துட்டு எவ்வளவு நாள்தான் சும்மா இருக்கறது? வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்.”

“நீங்க ரெண்டு பேரும் கடைசி சீட்ல உக்காந்துக்கங்க” என்றாள் அக்கா. “ஒல்லியா இருக்கறது நீங்கதான்.”

தப்பிக்க வழியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில நாள் இருந்தது. காதுக்காரர் மனைவியைக் கடைக்கு அழைத்துப்போய், அவள் காதில் பசையைவிட்டு அச்சு எடுத்தார். தன் காதுக்கும் எடுத்தார். தோல் நிறத்தில், உள்ளே போனால் வெளியே தெரியாதபடி, நான்கு அடைப்புகள் செய்தார். தொழிலில் அவ்வளவு கவனமாக எதையும் அவர் செய்ததில்லை.

மலைப்பாதை முழுக்க அவர்கள் இருவரும் முழங்கால் முகவாயில் இடிக்க, சன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். முன்னால் சகலையின் வாய் அசைந்தது. அக்காவின் கை வளைவுதோறும் உயர்ந்து தாழ்ந்தது. ஒரு வார்த்தைகூட வந்து சேரவில்லை. பாதி வழியில் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு தூரம் அவ்வளவு நிம்மதியாகப் போனதில்லை.

அக்கா அவ்வப்போது திரும்பி ஏதோ கேட்டாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். ஒருமுறை அவள் கேட்டது, “தம்பி, வாந்தி வருதா?” அவர் பலமாகத் தலையாட்டினார். வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு பையோடு ஓடி வந்தார்கள். அவர் பையை வாங்கி நன்றி சொல்லி மடியில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பிய மறுநாள் அக்கா தங்கையைத் தனியாகக் கூப்பிட்டாள். “உன் வீட்டுக்காரருக்குக் காது சுத்தமா போயிருச்சுடி. ஊருக்கெல்லாம் மெஷின் மாட்டறவரு, தனக்குன்னு வரும்போது வெக்கப்படறாரு போல. நீ ஒண்ணும் சொல்லிக் காட்டாதே.”

தங்கை மறுக்கவில்லை. அது அவள் செய்த பிழை.

அன்றிலிருந்து அக்கா, தம்பி மனசு நோகக்கூடாதே என்று, அவரிடம் எதைச் சொன்னாலும் பக்கத்தில் வந்து, காதோடு வாயை வைத்து, வழக்கமான குரலைவிட இரண்டு மடங்கு கூட்டிச் சொல்கிறாள். சகலையும் அவருக்கென்றே தனியாக உரக்கப் பாடுகிறார். காதுக்காரர் விடியற்காலையில் தன் கறுப்பு வண்டியை எடுத்துக்கொண்டு, கரண்ட்டிலேயே, பூனை நடக்கிறமாதிரி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார்.